பெயர்ப்பலகைக்கு முன் ஒரு குறிப்பு

வீதிக்குப் பெயர் வைக்கத் தீர்மானம் நிறைவேறிற்று.
பலகையில் இரண்டு வரிக்குத்தான் இடம்.
எழுத்துக்குத் தொண்ணூறு ரூபாய் என்கிறான் பெயின்டர் ஜெயரூபன்.
"முன்னோடி வர்த்தகர் எண்டு போடவா, ஜே.பி. எண்டு போடவா?"

நான் பிரதேச சபை இலிகிதன்.
கோப்பில் ஒன்றும் இல்லாததால் கடைக்குப் போனேன்.
மருமகள் இரண்டு கொப்பிகளைத் தூசி தட்டி வைத்தாள்.
சிவப்பு மட்டை, கடன் கொப்பி.
கறுப்பு மட்டை, மரண விசாரணைக் கொப்பி.
இரண்டிலும் ஒரே கையெழுத்து,
மூட்டை தூக்குகிறவன்போல் ஒரு பக்கம் சாய்ந்து.

மூத்ததம்பி கோணாமலை
ஐம்பத்திரண்டில் குருமண்வெளித் துறையில் தோணி ஏறினார்.
எட்டுப் பீஸ் சீத்தை, இரண்டு டின் மண்ணெண்ணெய்,
ஒரு யார்க்கோல்.
அதுவரை படுவான்கரைச் சனம்
ஒரு சட்டைத் துணிக்கும் வாவி கடந்து வந்தது.
காசில்லாதவர் நெல் கொடுத்தார்கள்.
வாங்கும்போது மரக்கால் குவியும்,
விற்கும்போது தலைதட்டும்.
இதையும் எழுதத்தான் வேண்டும்.
"நல்ல மனிசன்தான் கா,
ஆனா யாருக்கு ஒரு விரற்கடை அவருக்கு"
என்பார்கள் மண்டூரில் இன்றைக்கும்.

பிறகு கிராமச் சபைத் தலைவர்.
துறைக்கு விளக்கு வந்தது. பொதுக்கிணறு ஏழு.
எட்டாவது தன் கடைக்குப் பின்னால் என்பதைக்
கூட்ட அறிக்கையில் அவர் மறைக்கவில்லை.

எழுபத்துநாலில் திடீர் மரண விசாரணை அதிகாரி.
மின்னல், புடையன், அலரி விதை,
வரம்பில் யானை.
கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஏ ஃபோர்ட்டியில் போவார்,
காதில் பென்சிலோடு.

எழுபத்தெட்டு கார்த்திகை, புயல்.
மறுநாள் கறுப்புக் கொப்பியில் பதினேழு பெயர்.
சிவப்புக் கொப்பியிலும் அதே பதினேழு பெயர்,
எதிரே "வெள்ளைத்துணி நாலு யார்".
விலைக் கட்டம் வெறுமை.
அந்த நாலிலும் விரற்கடை குறைந்ததா என்று
இனி அளக்க வழியில்லை.
மண்ணெண்ணெய் போத்தலுக்கு
ஐந்து சதம் ஏற்றியதும் அதே கிழமைதான்.

சிவப்புக் கொப்பியில் யார் என்றால் அளவு.
கறுப்புக் கொப்பியில் யார் என்றால் கேள்வி.
பதினைந்து வருடம் அவர் அவை இரண்டையும் குழப்பவில்லை.

பிறகு அந்த நாள்.
வாவிக்கரையில், கண்டல் வேரில் மாட்டி, ஒரு பையன்.
ஜீப்பில் இருந்தவர்கள் இறங்கவில்லை.
"மூழ்கிச் சாவு எண்டு எழுதுங்க ஐயா, நேரமாகுது."
அவர் காரைத் திருப்பிக் கடைக்கு வந்து
துணி அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு போனார்.
எழுதியிருக்கிறார்:
காயம் ஒன்று, முக்கால் அங்குலம்.
காயம் இரண்டு, முக்கால் அங்குலம்.
கை கட்டிய கயிறு, ஒன்றேகால் யார்.
பெயர்க் கட்டத்தில்
யார்
என்று மட்டும்.
கேள்விக்குறி இல்லை.

அதற்குப் பிறகு கறுப்புக் கொப்பியில் வெள்ளைத்தாள்.
நியமனம் புதுப்பிக்கப்படவில்லை என்று
ஒரு கடிதம் மடித்துச் செருகியிருக்கிறது.
கடை நடந்தது.
அன்றுமுதல் அவர் அளவில் குறைத்ததில்லை
என்று எழுத எனக்கு ஆசை.
மருமகள் சிரித்துவிட்டாள்.
"அது கடைசி மட்டும் குறைச்சதுதான்."

சிவப்புக் கொப்பியின் பின்னட்டையில்
அவர் கொடுக்க வேண்டிய ஒரே கடன்:
"தோணிக்காரப் பத்தினியன். முதற்பயணக் கூலி
ஒரு ரூபாய் இருபத்தைந்து சதம்.
பிறகு தருகிறேன் என்றேன்."
வெட்டிக் கோடு போடவில்லை.

ஜெயரூபனிடம் சொல்லிவிட்டேன்,
பெயர் மட்டும் போதும், பட்டம் வேண்டாம்.
மிச்சப்படும் எழுத்துக் காசை
எந்தச் செலவுத் தலைப்பில் காட்டுவது என்று தெரியவில்லை.
சனிக்கிழமை துறைக்குப் போகிறேன்,
பத்தினியனுக்கு
யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க.